மலைக்குக் கொடுத்தனுப்பும் சீனி

அத்தை தேயிலைக் கொழுந்து பறிக்க மலைக்குப் புறப்படும்போது ஒரு காகிதத்தில் இரண்டு கரண்டி சீனியை மடித்துக் கொடுத்தனுப்புகிறேன். மாலையில் அந்தக் காகிதம் வெறுமையாகத் திரும்பி வருகிறது. மயக்கம் வந்து சாப்பிட்டாரா, ஆசைக்குச் சாப்பிட்டாரா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

அத்தை என் கணவரின் தாய். சீனி வியாதிக்காரர். அப்படிப்பட்டவருக்கு நான் ஏன் சீனி கொடுத்தனுப்புகிறேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

எங்கள் தோட்டம் லிந்துலைக்குப் பக்கத்தில். சென்ற வருடம் இங்கே சீனி வியாதிக்காரர்களுக்கு ஒரு வகுப்பு தொடங்கினார்கள். வியாதிக்காரர் தனியாக வரக்கூடாது, வீட்டில் அவரைப் பார்த்துக்கொள்கிற ஒருவரும் கூட வர வேண்டும் என்றார்கள். கணவர் கொழும்பில் கடையில் வேலை செய்கிறார். நான் உயர்தரம் வரை படித்தவள். ஆகவே நான்தான் போனேன். ஞாயிறு பிற்பகல்களில், வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில், குழந்தைகளின் குட்டி நாற்காலிகளில் முழங்கால் முகத்தில் இடிக்க உட்கார்ந்திருந்தோம்.

"சீனி ஒருத்தருக்கு வந்தா வீட்டுக்கே வந்த மாதிரி. அவங்களுக்கு ஒரு சமையல், உங்களுக்கு ஒரு சமையல்னு வைக்காதீங்க" என்றார் வகுப்பு நடத்திய தாதி மிஸ். நான் ஒரு சொல் விடாமல் கொப்பியில் எழுதிக்கொண்டேன். இரத்தத்தில் சீனி பார்க்கும் கருவி ஒரு லயத்துக்கு, அதாவது ஒட்டிக் கட்டிய ஒரு வரிசை வீடுகளுக்கு, ஒன்று கொடுத்தார்கள். செவ்வாயும் வெள்ளியும் காலையில் அது எங்கள் வீட்டுக்கு வரும். அத்தையின் விரலில் குத்தி, வரும் எண்ணைக் கொப்பியில் எழுதுவது என் வேலை.

"படிச்ச மருமக வந்தா நல்லதுன்னாங்க. வீட்டுக்குள்ளயே ஒரு கணக்கப்பிள்ள வந்திருக்குன்னு ஒருத்தரும் சொல்லல" என்றார் அத்தை. மலையில் ஆட்களை மேய்த்துப் பேர் எழுதுகிறவர்தான் கணக்கப்பிள்ளை. நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

சோற்றைக் குறைத்தேன், கீரையைக் கூட்டினேன். அத்தை வெறும் சாயத்துக்கு, சீனி போடாத தேநீருக்கு, மாறினார். ஆனால் எண் இறங்கவில்லை. இருநூறைத் தாண்டியே நின்றது. சந்தேகம் அப்போது தொடங்கியது.

சீனிப் போத்தலில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்தேன். மூன்றே நாளில் சீனி கோட்டுக்குக் கீழே போயிருந்தது. அத்தை குளிக்கப் போன நேரத்தில், கொழுந்து பறிக்கும்போது அவர் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் படங்கை உதறிப் பார்த்தேன். வெற்றிலைக் காம்புதான் விழுந்தது. அதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. அன்று வெட்கப்படவில்லை.

"அத்த, போத்தல்ல சீனி கொறையுதே?"

"பிள்ள குடிக்கிற சாயத்துக்கு ஒங்கப்பனா சீனி கொண்டாந்து போடுறாரு?"

எங்கள் மகளுக்கு மூன்று வயது. பதில் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் மனம் கேட்கவில்லை. கணவரிடம் தொலைபேசியில் சொன்னேன். "அம்மா பொய் சொல்ல மாட்டாங்க" என்றார். தொலைபேசியை வைக்கப்போகும்போது, "ஆனா இனிப்புன்னா விடவும் மாட்டாங்க" என்றார்.

கிளினிக்கில் டொக்டர் என் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சாப்பாடு எப்படி?" என்று கேட்டார். அத்தை பக்கத்தில்தான் நின்றார். "எனக்குத் தெரியாம ஏதோ சாப்பிடுறாங்க போல" என்றேன். டொக்டர் புதிதாக இன்னொரு மாத்திரை எழுதினார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அத்தை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

அந்த மாத்திரை தொடங்கிய இரண்டாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை, பத்து மணி இருக்கும். பக்கத்து வீட்டு அக்கா மேட்டிலிருந்தே கூப்பிட்டார். "ஓடியா புள்ள! ஒங்க அத்த மலையில விழுந்துட்டாங்க!"

நான் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடிப் போவதற்குள், கூட வேலை செய்யும் பெண்கள் அத்தையை மர நிழலில் உட்கார்த்தி, இனிப்பாகச் சாயம் கொடுத்திருந்தார்கள். அந்தக் குளிரிலும் அவருக்கு வியர்த்திருந்தது. கை நடுங்கிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் சொன்னார்: "எழுதிக்க. இதையும் எழுதிக்க."

செய்தி கேட்டுத் தாதி மிஸ் செவ்வாய்க்கிழமை காலையிலேயே வீட்டுக்கு வந்தார். அத்தை அடுப்படியில் மகளை மடியில் வைத்திருந்தார். இடது உள்ளங்கையில் சீனி. மகள் அதை ஒரு நக்கு நக்கி, சாயத்தை ஒரு மிடறு குடிப்பாள். எங்கள் பக்கம் எல்லோரும் அப்படித்தான் குடிப்போம், பெரியவர்கள் தங்கள் கையிலேயே சீனியை வைத்துக்கொண்டு. குடித்து முடிந்ததும் அத்தை கையைச் சேலையில் துடைத்துவிட்டு, வழக்கம்போல் அந்தக் கை விரலையே என்னிடம் நீட்டினார். நான் குத்தினேன். இருநூற்றுப் பத்து.

"கை கழுவலையா?" என்றார் மிஸ்.

"விடியக்காலைல பீலித் தண்ணியில மூஞ்சி கழுவுறப்பவே கழுவிட்டேனே" என்றார் அத்தை.

மிஸ் சுடுதண்ணீரும் சவர்க்காரமும் கேட்டார். அத்தையின் கையைக் கழுவி, நன்றாகத் துடைத்து, மறுபடி குத்தினார். நூற்று நாற்பத்தெட்டு. "ரெண்டும் ஒரே ரத்தந்தான். முதல்ல வந்தது விரல்ல ஒட்டியிருந்த சீனி. அந்த எண்ண நம்பி மாத்திரையக் கூட்டினதாலதான் சீனி ரொம்ப இறங்கி விழுந்திருக்காங்க" என்றார்.

கொப்பியைத் திறந்து பார்த்தேன். முதல் வகுப்பு, நான்காவது வரி: குத்துவதற்கு முன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். என் கையெழுத்துதான்.

"மன்னிச்சிருங்க அத்த" என்றேன்.

"தண்ணி ஆறுது. பிள்ளைக்கு மூஞ்சி கழுவி விடு" என்றார்.

மிஸ் சொன்னபடி அன்றே கிளினிக்குக்குப் போய் நடந்ததைச் சொன்னோம். டொக்டர் புதிய மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். மலையில் மறுபடி மயக்கம் வந்தால் உடனே வாயில் போட்டுக்கொள்ள எப்போதும் கொஞ்சம் சீனி கையோடு இருக்க வேண்டும் என்றார். அப்படித்தான் இந்தப் பொட்டலம் வந்தது.

முன்பு அத்தை சீனி சாப்பிடுகிறாரோ என்று தேடினேன். இப்போது நானே மடித்துக் கொடுக்கிறேன். மாலையில், "மயக்கம் வந்துச்சா அத்த?" என்று கேட்பேன். "லேசா" என்பார். தினமும் லேசாகத்தான். அவரோடு மலையில் வேலை செய்யும் பக்கத்து வீட்டு அக்காவிடம் விசாரித்தேன். "ஒங்க வீட்டுச் சீனி நல்ல இனிப்பு புள்ள" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். எல்லோருக்கும் பங்கு போகிறதா, என்னைக் கிண்டல் செய்கிறார்களா, அதுவும் தெரியவில்லை.

இப்போது அத்தையின் கையைக் கழுவித்தான் குத்துகிறேன். எண் முன்போல் இல்லை, ஆனால் நல்ல எண்ணும் இல்லை. மயக்கம் உண்மையென்றால் மாத்திரை இன்னும் கூடுதலாகத்தான் இருக்கிறது. நான் அதை டொக்டரிடம் சொல்லாவிட்டால் மறுபடி விழுவார், அடுத்த தடவை சரிவில் விழலாம். ஆசைக்குத்தான் சாப்பிடுகிறார் என்றால் எண் ஏறும், டொக்டர் மாத்திரையைக் கூட்டுவார், அப்போதும் விழுவார். இரண்டில் எது என்பது அத்தைக்கு மட்டும்தான் தெரியும். அவரைப் பற்றி டொக்டரிடம் நான் அப்படிச் சொன்ன பிறகு, என்னிடம் அவர் ஏன் உண்மையைச் சொல்ல வேண்டும்?

அடுத்த வியாழன் கிளினிக். கொப்பியில் தேதி மட்டும் எழுதி வைத்திருக்கிறேன். இதை வாசிக்கிறவர்களில், வீட்டில் இப்படி ஒருவரைப் பார்த்துக்கொள்கிறவர்கள் இருப்பீர்கள். ஒருமுறை தவறாகச் சந்தேகப்பட்டவரிடம், மறுபடி சந்தேகப்படுவதுபோல் இல்லாமல் எப்படிக் கேட்பது? என்ன வார்த்தை சொல்லிக் கேட்டீர்கள், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.