ஸ்ரீரங்கத்தில் என் நான்காம் கேள்வி

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் திண்டுக்கல்லுக்கு உள்ளூர் விடுமுறை. திருச்சிக்குக் கிடையாது. ஊர் சுற்றும் ஆசிரியைக்கு இதைவிட நல்ல நாள் அமையாது. நமக்கு லீவு, அடுத்த ஊரில் பள்ளி நடக்கும். கம்ப்யூட்டரையும் வீடியோவையும் வைத்து மற்ற பள்ளிகளில் எப்படிப் பாடம் எடுக்கிறார்கள் என்று நேரில் போய்ப் பார்த்து இந்த வலைப்பூவில் எழுதுவது என் வழக்கம். இந்த முறை ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளி. பெயர் வேண்டாமே. தப்பு அவர்களுடையது இல்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பார்க்கப் போனேன் என்பதைவிடப் பாராட்டு வாங்கப் போனேன் என்பதுதான் சரி. பத்தாம் வகுப்பு சமூக அறிவியலுக்கு நான் பதினேழு வீடியோ பாடங்கள் செய்து போட்டிருக்கிறேன். ஒவ்வொன்றோடும் இருபது கேள்விகள் கொண்ட ஆன்லைன் டெஸ்ட். “எங்க பசங்க முழுக்க உங்க வீடியோவுலதான் படிக்கிறாங்க, ஒரு தடவ வந்து பாருங்க மேடம்” என்று அந்தப் பள்ளியின் ஆசிரியர் முருகவேல் சார் எழுதியிருந்தார். இப்படிக் கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியுமா?

காலை 6.10க்கு திண்டுக்கல்லில் பஸ் ஏறினேன். ஏறக்குறைய நூறு கிலோமீட்டர், டிக்கெட் 90 ரூபாய். 8.40க்கு திருச்சி பஞ்சப்பூர் பஸ் ஸ்டாண்டு. அங்கிருந்து சத்திரம் வழியாக ஸ்ரீரங்கம் போகும் டவுன் பஸ். சாதாரண பஸ் என்றால் பெண்களுக்கு இலவசம். தூரம் பதினேழு கிலோமீட்டர்தான், ஆனால் ஐம்பது நிமிடம் ஆகிவிட்டது. மலைக்கோட்டைப் பக்கம் நெரிசலில் பஸ் நகர்ந்தால்தானே!

சத்திரம் தாண்டிப் பெரிய பாலத்தில் ஏறியதும் தண்ணீரைப் பார்த்த சந்தோஷத்தில் கண்டக்டரிடம், “இதுதானே கொள்ளிடம்?” என்று கேட்டுவிட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “இது காவேரிங்க. கொள்ளிடம் ஸ்ரீரங்கத்துக்கு அந்தாண்ட, வடக்கால இருக்கு. எந்த ஊரு நீங்க?”

திண்டுக்கல் என்றேன். சமூக அறிவியல் டீச்சர் என்று சொல்லவில்லை. மனதில் என்னவோ உறுத்தியது, ஆனால் அதற்குள் மாம்பழச்சாலை வந்துவிட்டது. இறங்கிப் பொங்கலும் காபியும் (65 ரூபாய்) சாப்பிட்டு, ஆட்டோவுக்கு 40 ரூபாய் கொடுத்துப் பள்ளிக்குப் போனபோது மணி 10.20.

முருகவேல் சார் தர்மபுரிப் பக்கத்துக்காரர், மாறுதலில் வந்து ஆறு மாதம் ஆகிறது. நேராக கம்ப்யூட்டர் லேபுக்கு அழைத்துப் போனார். இருபது கம்ப்யூட்டர், குளுகுளு ஏசி. பத்தாம் வகுப்பு மாணவர்கள் முப்பத்தொன்பது பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள். பெரிய திரையில் என் முகம், தமிழக ஆறுகள் பாடத்தில் அப்படியே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

சுவரில் மதிப்பெண் பட்டியல் ஒட்டியிருந்தது. வரிசையாக இருபது, பத்தொன்பது, பதினெட்டு. கடைசியில் ஒரே ஒரு பெயர் மட்டும்: அபிநயா, 3.

“மத்த பாடமெல்லாம் நல்லாத்தான் படிக்கிறா மேடம்” என்றார் சார். “இந்த டெஸ்ட்ல மட்டும் நாலாவது கேள்வியத் தாண்ட மாட்டேங்கறா. இன்னிக்கி நாலு மணிக்குள்ள மாவட்ட வினாடி வினாவுக்கு மூணு பேர அனுப்பணும். இவ பேரக் குடுக்கலாம்னுதான் நெனச்சிருந்தேன். இந்த மார்க்க வெச்சுக்கிட்டு எப்படிக் குடுக்கறது?”

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். என் டெஸ்டில் சரியான பதில் போட்டால்தான் அடுத்த கேள்வி திறக்கும். எத்தனை தடவை வேண்டுமானாலும் முயலலாம், ஆனால் தப்பான பதிலோடு தாண்ட முடியாது. எத்தனை கேள்வி தாண்டினார்களோ அத்தனை மார்க். நானே யோசித்து வைத்த ஏற்பாடு அது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

எல்லோரும் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்திருந்தார்கள். கடைசி வரிசையில் அபிநயா பக்கத்து ஸ்டூல் மட்டும் காலியாக இருந்தது. போய் உட்கார்ந்தேன். அவள் ‘காவிரி’யை அழுத்தினாள். சிவப்பு வந்தது. மறுபடியும் அதையே அழுத்தினாள். மறுபடியும் சிவப்பு. திரை மூலையில் ‘முயற்சி 31’ என்றிருந்தது.

“வேற பதிலப் போட்டுப் பாரேம்மா” என்றேன். கேள்வியைக்கூடப் படிக்கவில்லை நான்.

“வேற எதப் போடறது மேடம்? ஸ்ரீரங்கத்துக்குத் தெக்கால காவேரிதானே ஓடுது?”

கண்டக்டர் பார்த்த பார்வை நினைவுக்கு வந்தது. தூக்கிவாரிப் போட்டது. திரையில் என் வரைபடத்தைப் பார்த்தேன். இரண்டு ஆறுகளின் பெயர்ச் சீட்டையும் இடம் மாற்றி ஒட்டியிருக்கிறேன். காவிரி வடக்கே, கொள்ளிடம் தெற்கே. பிறகு அந்தப் படத்தைப் பார்த்தே பேசி, அதைப் பார்த்தே நான்காம் கேள்விக்கு விடையும் போட்டிருக்கிறேன். அதையே பார்த்துப் பார்த்து என் மண்டைக்குள்ளும் ஆறு இடம் மாறியிருக்கிறது. இல்லாவிட்டால் காவிரிப் பாலத்தில் நின்று அப்படிக் கேட்டிருப்பேனா?

சரி, மற்ற முப்பத்தெட்டுப் பேர்? எழுந்து நின்று கேட்டேன். “ஸ்ரீரங்கத்துக்குத் தெற்கே எந்த ஆறு?”

“கொள்ளிடம்!” என்று ஒரே குரலில் வந்தது.

“காலையில சத்திரத்துலேர்ந்து பாலம் தாண்டி வந்தேனே, அது எந்த ஆறு?”

“காவேரி!” அதே ஒரே குரல்.

“அந்தப் பாலம் ஊருக்கு வடக்கா, தெற்கா?”

பிரவீன் என்ற பையன் எழுந்தான். “தெக்குதான் மேடம். மொதல்ல எல்லாரும் காவேரின்னுதான் போட்டோம். செவப்பு வந்துச்சு. மாத்திப் போட்டோம், பச்ச வந்துருச்சு.”

“அப்போ அது தப்புன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“காவேரிங்கறது பாலத்துக்கு மேடம். டெஸ்ட்டுக்குக் கொள்ளிடம்” என்றான். கிண்டல் இல்லை. எனக்குப் புரியவில்லையே என்ற அக்கறையில் விளக்கினான்.

யாரும் சிரிக்கவில்லை என்பதுதான் என்னை உலுக்கியது. வாரத்தில் ஆறு நாள் அந்த ஆற்றைப் பார்க்கிற பிள்ளைகள். அவர்கள் பையில் இருக்கிற புத்தகத்திலும் சரியாகத்தான் அச்சாகியிருக்கிறது. அத்தனையையும் ஒரு பச்சை டிக் அடித்துவிட்டது. அந்தப் பச்சை டிக்கை வைத்தவள் நான்.

முருகவேல் சார் முகம் வெளிறிவிட்டது. “உங்க வீடியோ வந்தப்பறம் மேப் மாட்டறதையே விட்டுட்டேன் மேடம்” என்றார். பீரோவுக்குப் பின்னால் சுருட்டி வைத்திருந்த வரைபடத்தை அவரே போய் எடுத்து வந்து மாட்டினார். தூசி தட்டக்கூட நேரமில்லை.

வகுப்பின் முன் நின்று, தப்பு என்னுடையது, அபிநயா மட்டும்தான் சரி என்று சொன்னேன். என் போனிலிருந்தே விடையைத் திருத்தினேன். மணி 12.05. அவளுடைய நான்காம் கேள்வி பச்சையானது. அவள் துள்ளவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. ஐந்தாம் கேள்விக்குப் போய்விட்டாள். அரை மணி நேரத்தில் மீதிப் பதினாறையும் முடித்தாள், ஒன்றுகூடத் தப்பில்லை. விடையைத் திருத்தியதில் மற்றவர்களுக்கு நான்காம் கேள்வியின் மார்க் போய்விட்டதால், வகுப்பில் இப்போது இருபது வாங்கியிருப்பவள் அவள் ஒருத்திதான். 3.15க்கு மூன்று பெயர்கள் போயின. முதல் பெயர் அபிநயா.

கிளம்பும்போது அவளிடம் கேட்டேன், “முப்பத்தோரு தடவை ஏம்மா அதையே போட்ட? யார்கிட்டயாவது சொல்லக் கூடாதா?”

“சொன்னேன் மேடம். கம்ப்யூட்டர் தப்பாச் சொல்லுமா, வீடியோவ இன்னொரு தடவ பாருன்னாங்க. ஆறு தடவ பாத்தேன்.” சார் தரையைப் பார்த்தார். “நான் ஆத்துக்கு வடக்கால டோல்கேட்லேர்ந்து வர்றேன் மேடம். தெனம் கொள்ளிடம் பாலம் தாண்டித்தான் ஸ்கூலுக்கு வரணும். எப்படி மாத்திப் போடறது?”

பிறகு ஒரு கேள்வி கேட்டாள். “இன்னும் பதினாறு வீடியோ இருக்கே மேடம், அதையெல்லாம் யாரு சரி பாத்தா?”

வீடியோக்களுக்குக் கீழே கைகூப்பிய படங்களும் ‘அருமை மேடம்’களும் வண்டி வண்டியாக இருக்கின்றன. ஒருவர்கூடச் சரிபார்த்ததாகத் தெரியவில்லை, என்னையும் சேர்த்து. பதினேழையும் அன்று பஸ்ஸிலேயே போனிலிருந்து நெட்டைவிட்டு எடுத்துவிட்டேன். இதுவரை ஐந்தைத் திரும்பப் பார்த்திருக்கிறேன். இரண்டில் தப்பு இருக்கிறது.

இதே மாதிரி போக நினைக்கிறவர்களுக்கு: திண்டுக்கல்லிலிருந்து காலை ஆறு மணி பஸ்ஸைப் பிடித்தால் பள்ளி நேரத்துக்குப் போய்விடலாம். போக வர, சாப்பாடு, ஆட்டோ எல்லாம் சேர்த்து எனக்கு 370 ரூபாய் ஆனது. வீடியோ போடுகிற ஆசிரியர்கள் வெளியிடும் முன், அந்தந்த ஊர்ப் பிள்ளைகள் இரண்டு பேரிடம் காட்டிவிடுங்கள். வீடியோ போட்டுப் பாடம் நடத்துகிறவர்கள் மேப்பைச் சுருட்டி வைக்காதீர்கள். மெஷினோடு சண்டை போடுகிற பிள்ளை இருந்தால், முதலில் கேள்வியைப் படியுங்கள்.

சுவரில் மதிப்பெண் பட்டியலைப் பார்த்தால் கீழேயிருந்து படிக்கத் தொடங்குங்கள். கடைசிப் பெயர் யாரோ, அந்தப் பிள்ளையின் பக்கத்தில் போய் உட்காருங்கள். நான் அப்படி யோசித்துப் போய் உட்காரவில்லை. அன்று அந்த லேபில் காலியாக இருந்தது அந்த ஒரு ஸ்டூல்தான்.