பாக்கியம் அக்காவின் சிவப்புச் சாக்பீஸ்

நம் டைப்ரைட்டிங் வகுப்பின் பழைய மாணவர்கள் நடத்தும் வாட்ஸப் குழுவில்தான் அந்தச் செய்தி வந்தது. ‘பாக்கியம் அக்கா இரந்துட்டாங்க. சாயங்காலம் எடுக்குறாங்க’ என்று அவசரத்தில் யாரோ தட்டிவிட்டிருந்தார்கள். அதற்குக் கீழே வந்தது இரங்கல் இல்லை. பெரிய ‘ற’ போட வேண்டும் என்று ஒருவர் திருத்தியிருந்தார். ‘காலமானார்’ என்று போடுவதுதான் மரியாதை என்று இன்னொருவர் எழுதியிருந்தார். மாலை எங்கே வாங்குவது என்று யாரும் கேட்பதற்குள் ஒற்றுப்பிழை வரைக்கும் போய்விட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது. அக்காவிடம் படித்தவர்கள் வேறு எப்படி இருப்பார்கள் என்று பிறகு தோன்றியது. ஆனால் அவர்கள் படித்தது பாதி அக்காவைத்தான். மீதிப் பாதியை அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில், அருப்புக்கோட்டையில் அக்கா நடத்திய இன்ஸ்டிடியூட்டில் தமிழ் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுக்கச் சேர்ந்தேன். பாலவனத்தத்திலிருந்து பஸ்ஸில் வந்து போவேன். அக்கா ஆங்கில மிஷின்களைப் பார்த்துக்கொள்வார். ஆனால் தமிழ்ப் பிழைதான் அவருக்குக் கண்ணில் விழுந்த தூசி. டீக்கடை போர்டு, கோயில் கொடை நோட்டீஸ், சுவர் விளம்பரம் எதையும் விடமாட்டார். “அவசரமா எழுது, ஆனா படிச்சுப் பாக்குறப்ப மட்டும் அவசரப்படாத” என்பார். இதை நம்மில் கேட்காதவர்கள் இருக்க முடியாது.

திருச்சுழியில் ஒரு மாணவியின் கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பஸ்ஸில் போகும்போதே அக்கா பத்திரிகையைப் படித்துவிட்டார். பந்தியில் பாயசம் வரும் நேரத்தில் மாப்பிள்ளையின் அப்பா உபசரிக்க வந்தார். அக்கா பத்திரிகையில் உள்ள பிழைகளை வரிசையாகச் சொன்னார். அந்த மனிதர், கல்யாணமே முடிந்துவிட்டதே, இனித் திருத்தி என்ன செய்ய என்று பாவமாகக் கேட்டார். “இளையவன் ஒருத்தன் இருக்கான்ல அண்ணாச்சி, அவனுக்காச்சும் ஒழுங்கா அடிங்க” என்றார் அக்கா. நான் இலையை விட்டு நிமிரவில்லை.

இன்ஸ்டிடியூட் வாசல் சுவரில் ஒரு கரும்பலகை இருந்தது நினைவிருக்கும். தெருவில் யார் வேண்டுமானாலும் அதில் எழுதலாம். ஆடு காணோம், வீடு வாடகைக்கு, ரேஷனில் மண்ணெண்ணெய் வந்துவிட்டது என்று ஏதாவது இருக்கும். இன்றைய வாட்ஸப் குழுவின் வேலையை அந்தப் பலகை செய்தது. எழுதியவற்றைச் சிவப்புச் சாக்பீஸால் வட்டம் போட்டுத் திருத்துவது அக்காவின் சாயங்கால வேலை. மாணவர்கள் கூடி நின்று சிரிப்பார்கள். அக்காவும் சிரிப்பார்.

பலகையில் எல்லோரும் முதலில் தேடுவது தண்ணீர்ச் செய்தியைத்தான். குழாயில் என்றைக்குத் தண்ணீர் வரும், எந்தத் தெருவுக்கு என்று ஒரு கணக்கும் கிடையாது. தெரு முனையில் வால்வுக்குப் பக்கத்து வீட்டில் ராஜம்மா இருந்தாள். அந்தத் தெருவில் பல வீடுகளைப் போல நெசவுக் குடும்பம், வீட்டில் தெலுங்கு. வால்வு திறக்கிறவர் சாவியை அவள் வீட்டில்தான் வைத்துவிட்டுப் போவார். அதனால் சேதி அவளுக்கு முதல் நாளே தெரிந்துவிடும். தறியை நிறுத்திவிட்டு வந்து, ‘நாலக்கி கெலக்கு தெருவுக்கு தன்னி’ என்று எழுதிவிட்டுப் போவாள். அவளை யாரும் எழுதச் சொல்லவில்லை.

ஒரு நாள் அந்த வரியில் வட்டம் போடாத இடமே இல்லாதபடி அக்கா திருத்திவிட்டார். கூட்டம் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தது. அந்த நேரம் ராஜம்மா நூல் பையோடு எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தாள். நின்று பார்த்தாள், போய்விட்டாள். அதற்குப் பிறகு பலகையில் தண்ணீர்ச் செய்தி வரவில்லை.

அடுத்த முறை தண்ணீர் சொல்லாமல் கொள்ளாமல் வந்தது. பெண்கள் பாதிப் பேர் வேலைக்குப் போயிருந்தார்கள். பிரசவத்துக்கு மகள் வந்திருந்த ஒரு அம்மா காலிக் குடத்தோடு இன்ஸ்டிடியூட் வாசலுக்கு வந்தார். “பச்சப்புள்ளத் துணி அலசத் தண்ணி இல்ல டீச்சர். போர்டுல ஏன் போடல?” என்று கேட்டார். அக்கா தன் வீட்டுத் தண்ணீரை ஊற்றிக் கொடுத்துவிட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு ராஜம்மா வீட்டுக்குப் போனார்.

ராஜம்மா தறியை நிறுத்தவில்லை. அந்தச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி அக்கா மன்னிப்புக் கேட்டார். அதுவரை அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. அதன் பிறகுதான் தறி நின்றது.

“நீங்க திருத்துனது தப்பில்லக்கா” என்றாள் ராஜம்மா. “நான் பள்ளிக்கூடம் போனவ இல்ல, கடை போர்டப் பாத்துப் பாத்து எழுத்துக் கூட்டுனவ. எழுதுனாத்தான சிரிக்கிறாக. இனி நான் எழுதல.”

அக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், அவள் இறங்கி வரவில்லை.

மறுநாள் சாயங்காலம், நெசவுக்காரர்கள் நூல் வாங்கிக்கொண்டு திரும்பும் நேரம் பார்த்து, பலகை முழுவதையும் அழித்துவிட்டு எழுத ஆரம்பித்தார். தமிழ் எழுத்தில் தெலுங்கு. பக்கத்துக் கடையிலும் பஸ்ஸிலும் காதில் விழுந்த தெலுங்கை வைத்துக்கொண்டு, தண்ணீர் வரும் நாளைச் சொல்ல ராஜம்மா வர வேண்டும் என்று நாலு வரி எழுதினார். அதில் எத்தனை தப்பு என்று எனக்குச் சொல்லத் தெரியாது. தெருவுக்குத் தெரிந்தது. முதலில் இரண்டு பேர் நின்றார்கள், பிறகு கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒருவர் சத்தம் போட்டு வாசித்துக் காட்ட, மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். உள்ளே மாணவர்கள் மிஷினை விட்டு எழுந்து வந்தார்கள். என்னால் தாங்க முடியவில்லை. அழித்துவிடலாம் அக்கா என்றேன். “இருக்கட்டும், சிரிச்சு முடிக்கட்டும்” என்றார். முகம் சிவந்திருந்தது.

சத்தம் கேட்டு ராஜம்மாவும் வந்தாள். வாசித்தாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தாள், சிரிப்பு நின்றுவிட்டது. சுற்றி நின்றவர்களைத் தெலுங்கில் ஒரு அதட்டுப் போட்டாள். அக்காவிடம் கை நீட்டிச் சாக்பீஸை வாங்கி, அந்த நாலு வரிக்கும் கீழே தன் தமிழில் மறுநாள் தண்ணீர் எந்தத் தெருவுக்கு என்று எழுதினாள். அதைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. குடம் எடுத்துவைக்கப் போனார்கள்.

அதற்குப் பிறகும் அக்கா மாறிவிட்டார் என்று சொன்னால் நீங்களே நம்பமாட்டீர்கள். நம் தாள்களில் வட்டம் போடுவது கடைசி வரை நிற்கவில்லை. வாசல் பலகையில் மட்டும் சிவப்புச் சாக்பீஸ் படவில்லை.

அவரிடம் கற்ற ஒற்றும் சந்தியும் எனக்குப் பாதி மறந்துவிட்டன. நான் வைத்துக்கொண்டிருப்பது வேறு. அன்று அவர் முதுகுக்குப் பின்னால் கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே போயிருக்கலாம். தெருவே சிரித்து முடிக்கிற வரைக்கும் வாசலிலேயே நின்றார்.