வாத்து வரிசையும் பழைய லென்ஸும்

1. பிளாஸ்டிக்கா?

"நீ எடுத்த போட்டோவப் பாத்துட்டு, இது பிளாஸ்டிக் வாத்தான்னு கேக்கறாரு தம்பி அந்தாளு. உனக்கே ஞாயமா இருக்குதா?"

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் யூனிட் நடத்திய ராஜேஸ்வரி அம்மா என் ஸ்டுடியோ வாசலில் நின்று இப்படிக் கேட்டார். இரண்டாயிரங்களின் பிற்பாதி அது. கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் போட்டோ போக, பீங்கான் யூனிட்டுகளுக்கு கேட்லாக் படமும் எடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்தாளு என்று அவர் சொன்னது ஒரு சென்னை வியாபாரியை. வெளிநாட்டுப் பரிசுப்பொருள் கடைகளுக்குச் சரக்கு அனுப்புகிறவர். வெள்ளை கிளேஸ், அதாவது கண்ணாடி மாதிரிப் பளபளக்கிற பூச்சு, போட்ட வாத்துப் பொம்மைக்கு அவர் ஆர்டர் கொடுத்தால் யூனிட்டில் சூளை எரியும். கொடுக்காவிட்டால் சூளையை அணைத்துவிட்டு, வேலை செய்யும் பெண்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். திங்கட்கிழமைக்குள் வேறு படம் அனுப்புங்கள், பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார்.

குறை என் கேமராவில்தான். ஊரெல்லாம் காட்டிப் பெருமையடித்துக்கொண்ட புது டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கல்யாண மண்டபத்தில் புலி, வெள்ளை கிளேஸ் முன்னால் எலி. வாத்தின் முதுகு சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்துவிடும். கழுத்தடி நிழல் கறுத்துவிடும். நடுவில் இருக்கிற நெளிவு சுளிவு ஒன்றும் படத்தில் வராது.

2. ஜப்பார் பாயின் பெட்டி

மங்கலம்பேட்டை ஜப்பார் பாய் வளைகுடாவில் கேமரா ரிப்பேர் கடையில் வேலை பார்த்தவர். லீவில் ஊருக்கு வந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும், சனிக்கிழமை காலையிலேயே பையைத் தூக்கிக்கொண்டு யூனிட்டுக்கு வந்துவிட்டார்.

பைக்குள் இருந்தது டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா. பார்க்க பழைய ஃபிலிம் கேமரா மாதிரிதான் இருக்கும், உள்ளே மட்டும் சென்சார். அதன் மேல் நான் பிறப்பதற்கு முன்னால் செய்த ஒரு பித்தளை லென்ஸ். மரை போட்டுத் திருகுகிற வகை என்பதால் நடுவில் ஒரு அடாப்டர் வளையம்.

இந்தக் கேமராவில் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. பார்ப்பதற்குத் தனி ஜன்னல் உண்டு. அதன் நடுவில் ஒரே பொருள் இரண்டாகத் தெரியும். லென்ஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டும் நெருங்கி வந்து ஒன்றாகும். ஒன்றானால் ஃபோகஸ் சேர்ந்துவிட்டது என்று கணக்கு.

ஒற்றை வாத்தை வைத்து, அதன் கறுப்புப் பொட்டுக் கண்ணில் ஃபோகஸ் வைத்து எடுத்தேன். ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். முதுகு வெள்ளைக்குள் எத்தனை வெள்ளை! வெளிச்சம் முதுகிலிருந்து வயிற்றுக்கு மெல்ல இறங்கியது. காய்ச்சிய பாலின் ஏடு போல கிளேஸ் கனமாகத் தெரிந்தது. இத்தனை வருஷம் இதைப் பார்க்காமல் என்னத்தைப் படம் எடுத்தோம் என்று இருந்தது.

ஆனால் வாத்தின் கண் மட்டும் கலங்கியிருந்தது.

"கெழட்டு லென்ஸு பாய். அதுக்குக் கண்ணு சரியா தெரியல."

"வயசப் பத்திப் பேசாதீங்கண்ணே" என்றார் பாய். அவருக்குக் கோபம்.

லென்ஸுக்குள் வெளிச்சம் நுழைகிற துளையை, அப்பர்ச்சரை, சின்னதாக்கி எடுத்தேன். கண் தெளிந்தது, அந்த ஏடு போய்விட்டது. மறுபடி பிளாஸ்டிக்.

3. செகண்ட்ஸ்

"ஒத்தையா வச்சா எடுப்பா இல்ல. பலகையோட வைங்க" என்றார் ராஜேஸ்வரி அம்மா.

சூளையிலிருந்து வரும் சரக்கைத் தரம் பிரிக்கிற வேலை செல்விக்கு. விரிசல், ஊசித்துளை, கிளேஸ் வழிந்தது எல்லாவற்றையும் செகண்ட்ஸ் என்று தனியே ஒதுக்குவாள். அவள் ஒரு பலகை நிறைய வாத்துகளை அடுக்கி, ஒன்றைவிட ஒன்று கேமராவுக்குத் தள்ளி நிற்கும்படி மேசை மேல் குறுக்குச் சாய்வாக வைத்தாள். அப்பர்ச்சரை மறுபடி முழுக்கத் திறந்து, முதல் வாத்தின் கண்ணில் ஃபோகஸ் வைத்து எடுத்தேன்.

கம்ப்யூட்டரைப் பார்த்ததும் ராஜேஸ்வரி அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஏய் செல்வி, என்னாத்தடி பொறுக்கன? முன்னாடி ரெண்டும் செகண்ட்ஸு. கிளேஸு ஓடி கண்ணு கலங்கியிருக்குது பாரு. மூணாவது ஒண்ணுதான் ஃபர்ஸ்ட்டு. இந்த நேரத்துல இப்பிடி வேல பாத்தா வெளங்குமா?"

சூளையில் கிளேஸ் ஓடினால் கண் பொட்டு அப்படித்தான் கலையும். படத்தில் ஃபோகஸ் போனது, அவர் கண்ணுக்குச் சூளைக் குறையாகப் பட்டுவிட்டது.

செல்விக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. "ஒவ்வொண்ணா பாத்துதாம்மா வச்சேன்" என்றவள் முதல் வாத்தைக் கொண்டுவந்து திரைக்குப் பக்கத்தில் வைத்தாள். கண் பொட்டு கடுகு மாதிரி கச்சிதமாக இருந்தது. ராஜேஸ்வரி அம்மா வாத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி வாத்தைப் பார்த்தார்.

செல்விக்கு ஆறவில்லை. விறுவிறுவென்று போய், முதல் வாத்தை மூன்றாம் இடத்திலும் மூன்றாவதை முதல் இடத்திலும் மாற்றி வைத்தாள். "இப்ப எடுங்கண்ணே."

எடுத்தேன். மூன்றாம் இடத்துக்குப் போன வாத்துக்குக் கண் பளிச்சென்று இருந்தது. முன்னால் வந்த வாத்துக்குக் கலங்கிவிட்டது.

"இப்ப இதையும் செகண்ட்ஸுன்னு சொல்லுவீங்களாம்மா?"

பாய் நெற்றியில் அடித்துக்கொண்டார். "பொம்ம மேலயும் தப்பு இல்ல, லென்ஸு மேலயும் தப்பு இல்ல. கேமராவுக்கும் லென்ஸுக்கும் கணக்கு ஒத்துப் போவல!"

4. இரண்டு கோடு

கேமராவின் உள்ளே ஒரு சின்னக் கை இருக்கிறது. அது லென்ஸின் பின்விளிம்பைத் தொட்டுத்தான் தூரத்தை அறிகிறது. இந்த லென்ஸோ வேறொரு கேமராவுக்காகக் கடைந்தது. நடுவில் வளையம் வேறு. மயிரிழை பிசகு போதும், ஜன்னலில் முதல் வாத்து ஒன்று சேரும், படத்தில் மூன்றாவது தெளியும்.

சரிசெய்யும் கருவியெல்லாம் பாயின் கடையில் கடல் தாண்டி இருந்தது. எங்களிடம் இருந்தது சாக்பீஸ். கேமராவை ஸ்டாண்டை விட்டு அசைக்காமல், முதல் வாத்து நின்ற இடத்தில் பலகையில் ஒரு கோடு, மூன்றாவது நின்ற இடத்தில் ஒரு கோடு. முன்கோட்டில் ஒரு வாத்தை வைத்து ஃபோகஸ். பிறகு அதை எடுத்துவிட்டு, பின்கோட்டில் படத்துக்கான வாத்து. சாயங்காலத்துக்குள் மொத்த கேட்லாக்கும் முடிந்தது. ஒவ்வொரு வாத்தும் குளத்திலிருந்து இப்போதுதான் ஏறி வந்ததுபோல் இருந்தது. கெழட்டு லென்ஸு என்று சொன்ன வாயால் பாயிடம், "என்னா லென்ஸு பாய் இது!" என்று நூறு தரம் சொல்லியிருப்பேன்.

திங்கட்கிழமை நாங்கள் யூனிட்டில் இருக்கும்போதே சென்னை வியாபாரியிடமிருந்து போன் வந்தது. ராஜேஸ்வரி அம்மா ஸ்பீக்கரில் போட்டார்.

"அதே வாத்துதானாம்மா? கிளேஸ மாத்திட்டீங்களா?"

"கிளேஸு அதேதாங்க. நிக்கற எடத்ததான் மாத்தினோம்."

ஆர்டர் சொன்னார். போனை வைத்ததும் ராஜேஸ்வரி அம்மா எல்லோர் முன்னாலும் செல்வியைக் கூப்பிட்டார். "அன்னிக்கு உன்னச் சொன்னது தப்புடி."

"அது கெடக்குதும்மா. சூளைய பத்த வைக்கச் சொல்லுங்க மொதல்ல" என்றாள் செல்வி, சிரிப்பும் அழுகையுமாக.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இதுதான். ஒன்று மங்கலாகத் தெரிந்தால் உடனே செகண்ட்ஸ் கூடையில் போடாதீர்கள். லென்ஸோ, பொம்மையோ, ஆளோ, ஒருமுறை இடம் மாற்றி வைத்துப் பாருங்கள்.