மூங்கில் குழாய்த் தண்ணீர்

நோன்புப் பெருநாள் காலையில், தியெங் மலை ஏற்றத்தின் பாதியில் தர்மினின் கார் கொதித்து நின்றது. பானெட்டைத் திறந்தான். நீராவி முகத்தில் அடித்தது.

அப்பா விட்டுப்போன கார். "உனக்கெல்லாம் எதுக்கு வண்டி?" என்று அண்ணன் வர்சித்தோவிடமிருந்து பிடுங்கிக்கொண்டு, அதையே வாடகைக்கு ஓட்டிப் பிழைத்தான். அண்ணன் பிழைப்புத் தேடி சுமத்ராவுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு இந்தப் பெருநாளுக்குத்தான் ஊருக்கு வந்திருக்கிறார். மதிய பஸ்ஸில் திரும்பிவிடுவார். பெருநாளன்று மூத்தவர் முன்னால் மண்டியிட்டு, கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்கவேண்டும். போனில் கேட்டால் கேட்டதாகாது.

சாலையோரம் மூங்கில் குழாயில் ஊற்றுநீர் கொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் யாரோ வைத்துவிட்டுப் போன பிளாஸ்டிக் கேன்கள். ஓட்டுநர்கள் அங்கே நிறுத்தி, எஞ்சின் ஆறும்வரை சிகரெட் பிடித்துவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றுவார்கள்.

"ஏங்க, கொஞ்சம் ஆறட்டும். ஊருக்கெல்லாம் நீங்க சொல்றதுதானே?" என்றாள் மனைவி சுமியெம்.

"பஸ் ஆறிக்கிட்டு நிக்குமாடி? கேனைக் குடு."

ரேடியேட்டர் மூடியைத் துணியால் திருகி, பனிபோல் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினான். உள்ளே 'டக்'கென்று ஒரு சத்தம். சாவியைத் திருப்பியதும் வண்டி உதறியது, வெள்ளைப் புகை கக்கியது, அடங்கிவிட்டது.

முட்டைகோஸ் ஏற்றிவந்த லாரிக்காரர் எட்டிப்பார்த்தார். "என்னண்ணே, எஞ்சினுக்கும் பெருநாள் குளியலா?"

தர்மின் ஆயில் குச்சியை உருவிக் காட்டினான். தண்ணீர் கலந்து ஆயில் பால் காப்பி நிறத்தில் இருந்தது. லாரிக்காரரின் சிரிப்பு நின்றது.

"எஞ்சின் ஹெட் கிராக். சூட்டுல பச்சைத்தண்ணி பட்டு வெடிச்சிருச்சு. இனி இது நகராது. ஏறுங்க, நான் கொண்டுபோய் விடறேன்."

சரக்கு லாரி முக்கி முனகி ஊர் சேர்ந்தபோது பஸ் போயிருந்தது. கூடத்துப் பாயில் அண்ணன் பிரித்துவைத்த, ஓலையில் பொதிந்து அவித்த பெருநாள் சோறு பாதி அப்படியே இருந்தது. கடைசிவரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாராம். ஊற்றடியில் ஒரு சிகரெட் நேரம் காத்திருந்தால் காரே கொண்டுவந்து சேர்த்திருக்கும்.

வேறு ஹெட் வாங்கிப் போட்டான். இப்போது சூடு காட்டும் முள் சற்று ஏறினாலும் நிறுத்திவிடுகிறான். "வண்டி தூங்குதா, டிரைவர்?" என்று பயணிகள் கேலி செய்தாலும் ஆறும்வரை கிளப்புவதில்லை.

அடுத்த பெருநாளுக்கு அண்ணன் வரவில்லை, போன்தான் வந்தது.

"வண்டி எப்படிடா ஓடுது?"

அதைத்தான் முதலில் கேட்டார்.

"இப்பல்லாம் சூடாகறதில்லண்ணே," என்று மட்டும் சொன்னான் தர்மின்.