லெஸ்டர் – ஏரவாடா: போக வர ஒரு டிக்கெட்

"படிச்சி இன்னா பண்ணப்போற? ஊட்டுக்கு வர்ற காகிதத்தப் படிச்சிக் காட்டுவ, அவ்ளோதான்."

நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது, புனேவின் ஏரவாடாவில் எங்கள் சந்தில் குடியிருந்த குப்பம்மா அக்கா இதைச் சொன்னார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். அப்பாவுக்குப் போசரியில் தகடு அழுத்தும் ஒரு பட்டறையில் இரும்புத் தகடு தூக்கும் வேலை. அம்மா ஔந்தில் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்தார். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து இருவரும் புனேவுக்கு வந்தபோது அவர்களிடம் படிக்க வேண்டிய காகிதம் ஒன்றுகூட இல்லை. பிறகு ஒவ்வொன்றாக வந்தது. மின்கட்டண ரசீது, ரேஷன் அட்டை, மாநகராட்சி நோட்டீஸ். மராத்தியில் இருப்பதைத் தமிழில் சொல்லும் வேலை எட்டு வயதில் எனக்கு வந்து சேர்ந்தது.

ஒருமுறை நான் பள்ளியில் இருந்த நேரம் ஒருவர் வந்து, வீடு கணக்கெடுக்கும் காகிதம் என்று சொல்லி அம்மாவின் கட்டைவிரலைப் பதிய வைத்துக்கொண்டு போனார். எங்கள் மாடி அறையை விட்டுக்கொடுக்கிறோம் என்று அதில் எழுதியிருந்தது அறை போன பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து, நான் பக்கத்தில் உட்கார்ந்து முழுவதும் படித்துச் சொல்லாமல் அம்மா எதிலும் அங்குட்டா வைப்பதில்லை. கட்டைவிரலுக்கு எங்கள் வீட்டில் அந்த இந்திச் சொல்தான்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை கிடைத்தது. விமானம் ஏறியபோது, குப்பம்மா அக்காவுக்குப் பதில் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை, காலை 8.10, லெஸ்டர். அம்மாவின் அழைப்பு வந்தது. அப்பாவின் காலில் தகடு கிழித்து இருபது நாள் ஆகியிருந்தது. சர்க்கரை நோய்க்காரர். புண்ணை ஷூவுக்குள் மறைத்துக்கொண்டே வேலைக்குப் போயிருக்கிறார். இப்போது அரசு மருத்துவமனையில் நினைவு தப்பித் தப்பி வருகிறது. காலை எடுக்க வேண்டும், நாளை மாலைக்கு மேல் தாமதித்தால் விஷம் உடம்பெல்லாம் ஏறிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒப்புதல் படிவத்தில் அம்மா அங்குட்டா வைக்க வேண்டும். அவர் வைக்கவில்லை.

போனிலேயே படிக்கிறேன், கேமராவைக் காட்டு என்றேன். காட்டினார். படம் விட்டு விட்டு வந்ததில் எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. நர்ஸிடம் கொடு, படம் எடுத்து அனுப்பட்டும், இல்லை படித்துக் காட்டட்டும் என்றேன்.

"அவங்க நல்லவங்கதான். அன்னிக்கி வீடு கணக்கெடுக்க வந்தவரும் நல்லாத்தான் பேசினாரு," என்றார் அம்மா. வா என்று சொல்லவில்லை. ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

வாசகர்களுக்கு ஒன்றை விளக்க வேண்டும். என் விசா முடிந்துவிட்டது. முடிவதற்கு முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பித்திருந்தேன். முடிவு வரும்வரை அங்கே இருக்கலாம், வேலை செய்யலாம். ஆனால் முடிவுக்கு முன் நாட்டைவிட்டு வெளியே போனால், விண்ணப்பத்தை நானே திரும்பப் பெற்றுக்கொண்டதாகக் கருதுவார்கள். மறுபடி இந்தியாவிலிருந்து விண்ணப்பிக்கலாம் என்றால், இந்த வேலைக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பதை அந்த நாடு நிறுத்திவிட்டது. உள்ளே இருப்பவர்கள் இருக்கலாம். வெளியே போனவர்களுக்குக் கதவு இல்லை. இதை அன்று காலை மூன்று முறை படித்தேன். நான்காவது முறை படித்தால் வேறு மாதிரி இருக்குமோ என்று அதையும் செய்தேன்.

பகல் 12.15. ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் பேருந்து. இருபத்தொரு பவுண்டு, மூன்றரை மணி நேரம். அறைத்தோழி ஜின்சி கேரளத்துப் பெண். சாவியை வைத்துவிட்டுப் போ என்றாள். பத்து நாளில் வருகிறவள் எதற்கு வைக்க வேண்டும் என்று கைப்பையில் போட்டுக்கொண்டேன். விமான டிக்கெட்டும் போக வரத்தான் எடுத்திருந்தேன். அவள் என் பெட்டியைத் தூக்கிப் பேருந்தில் வைத்தாள். விதியை அவளும் படித்தவள்.

ஹீத்ரோவில் என்னை ஆச்சரியப்படுத்தியது ஒன்று. பிரிட்டனிலிருந்து வெளியேறும்போது கடவுச்சீட்டில் முத்திரை குத்துவதில்லை. அதிகாரி என்று ஒருவர் எதிரில் உட்காருவதும் இல்லை. பையைச் சோதிக்கிறார்கள், விமானக் கம்பெனிக்காரர் டிக்கெட்டைப் பார்க்கிறார், அவ்வளவுதான். யாராவது ஒருவர், "போனால் திரும்ப முடியாதே, தெரியுமா?" என்று கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தெரியும் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. வாசனைத் திரவியக் கடைகளைத் தாண்டி நடந்தேன். எந்த இடத்தில் என் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

புதன்கிழமை, காலை 10.05, மும்பை. மழை. குடியேற்ற அதிகாரி "சுட்டியா?" என்று கேட்டார், விடுமுறையா என்ற பொருளில். ஆமாம் என்றேன். முத்திரை விழுந்தது.

புனேவுக்குப் பங்கு டாக்ஸி, ஒரு இருக்கை ஆயிரத்து இருநூறு ரூபாய். நூற்றைம்பது கிலோமீட்டர். டிரைவர் போசரிக்காரர். மழையில் மலைப்பாதை நின்று நின்றுதான் போகும், நான்கு மணிக்கு முன் புனேவை நினைக்காதீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பின்சீட்டில் என் பக்கத்தில் அறுபத்தைந்து வயதிருக்கும் ஒரு மராத்தி அம்மாள், அமெரிக்காவில் மகனைப் பார்த்துவிட்டு ஔந்துக்குத் திரும்புகிறவர். மராத்தியில் சித்தி என்ற பொருளில் மாவ்ஷி என்று கூப்பிட்டேன். எங்கே வீடு என்றார். ஏரவாடா என்றதும், ஜெயில் பக்கமா என்றார். பிறகு கைப்பையிலிருந்து ஒரு லட்டு எடுத்துக் கொடுத்தார்.

கண்டாலா ஏற்றத்தில் லாரிகளுக்குப் பின்னால் முக்கால் மணி நேரம் நின்றோம். வெள்ளை மேகம் சாலைக்கே இறங்கி, முன்னால் நின்ற லாரியின் பின் விளக்கு மட்டும் தெரிந்தது. மாவ்ஷி தன் கதையைச் சொன்னது அங்கேதான். போன வருஷம் அவர் கணவர் இறந்தார். மகனின் நிரந்தர வசிப்புரிமை விண்ணப்பம் நிலுவையில் இருந்தது. பயண அனுமதிக் காகிதம் இன்னும் வரவில்லை, போனால் எல்லாம் போய்விடும் என்றார் வக்கீல். கணவரின் அண்ணன் மகன்தான் கொள்ளி வைத்தான்.

"வராதே என்று நான்தான் சொன்னேன்," என்றார் மராத்தியில். "வந்திருந்தால் இன்றைக்கு அவன் வேலையில்லாமல் என்னோடு ஔந்தில் உட்கார்ந்திருப்பான்."

சரியாகத்தான் செய்தீர்கள் என்றேன். என் விஷயத்தைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் இரக்கப்பட்டிருப்பார். எனக்கு இரக்கம் வேண்டியிருக்கவில்லை, லாரி நகர வேண்டியிருந்தது.

மாலை 4.20. ஔந்தில் அவருடைய குடியிருப்பின் வாசல். டிரைவர் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார். அம்மா வேலை செய்யும் இடம் அங்கிருந்து இரண்டு கேட் தள்ளித்தான். மாவ்ஷி ஜன்னலில் குனிந்தார்.

"அவன் என்னோடு உட்கார்ந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும்," என்றார்.

மாலை 5.05, மருத்துவமனை. அம்மா வார்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தார். படிவம் மடிப்புக் கலையாமல் மடியில் இருந்தது. என்னைப் பார்த்ததும் அழவில்லை, அதை நீட்டினார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாக மராத்தியில் படித்துத் தமிழில் சொன்னேன். மயக்க மருந்தின் ஆபத்து, ரத்தம் ஏற்றுவது, உயிர் போனால் யாரும் பொறுப்பல்ல என்பது. நடுவில் ஓர் இடம் காலியாக இருந்தது. எந்த இடத்தில் வெட்டுவது என்று எழுத வேண்டிய கோடு. டாக்டரிடம் எடுத்துப்போனேன். இரண்டு நாளாகத் தூங்காத கண்கள். இது இப்போது முக்கியமா என்றார். முக்கியம் என்றேன். பேனாவை வாங்கி எழுதிக் கொடுத்தார்: முழங்காலுக்குக் கீழே, தேவைப்பட்டால் மேலே.

அதையும் படித்துச் சொன்னேன்.

"தேவைப்பட்டான்னா, யாருக்குத் தேவைப்பட்டா?" என்று கேட்டார் அம்மா.

அந்த வரியை மறுபடி படித்தேன்; யாருக்கு என்று அதில் இல்லை. நான் மூன்று ஆண்டுகளாக அடுத்தவர் நாட்டில் நூறு படிவங்கள் படித்தவள். அம்மா விரலை மையில் ஒற்றி வைத்தார்.

மேலேதான் வெட்ட வேண்டி வந்தது. நான் படித்ததால் எதுவும் மாறிவிடவில்லை. அம்மாவுக்குத் தெரிந்த பிறகு நடந்தது, அதுதான் வித்தியாசம். அதற்கு ஒரு நாட்டையே கொடுத்தது அதிகமா என்று இன்றுவரை கணக்குப் போட்டு முடியவில்லை.

வெள்ளிக்கிழமை, பகல். அப்பாவுக்கு முழு நினைவு வந்தது. போர்வை தட்டையாக இருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உன்ன யாரு வரச்சொன்னா?"

யாரும் சொல்லவில்லை என்றேன்.

"என்னோட கால் போனா என்னோட போச்சி. நீ இன்னாத்துக்கு உன்னோடதயும் வெட்டிக்கின?" அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் பக்கத்துப் படுக்கைக்காரர் கேட்டபோது, "லண்டன்ல இருந்து வந்துருக்கா, பதினஞ்சு நாள் சுட்டி" என்று அவரிடம் இந்தியில் சொன்னது எனக்குக் கேட்டது. பதினைந்து நாள் தாண்டியது. அந்த ஆள் மறுபடி கேட்டார். சுட்டியை நீட்டிக் கொடுத்திருக்கிறார்கள் என்றார் அப்பா. நீட்டிப்பு என்ற சொல்லை அவர் வாயில் கேட்டபோது எழுந்து வெளியே போய்விட்டேன்.

திரும்பும் டிக்கெட்டின் தேதி ஒரு சனிக்கிழமை. அன்று அந்த நேரத்தில் அப்பாவுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். விசா அலுவலகத்தின் மின்னஞ்சல் அதற்கு மூன்று நாள் முன்பே வந்துவிட்டது. முதியோர் இல்லத்தின் மேலாளரும் கூப்பிட்டுப் பேசினார். அன்பாகத்தான் பேசினார். தன்னால் செய்ய முடிந்தது எதுவுமில்லை என்றார்.

வீட்டில் அந்தப் பேச்சை முடித்து மின்னஞ்சலை மறுபடி திறந்ததும் அம்மா, "இன்னா காகிதம்? படி," என்றார். போனில் இருந்தாலும் அவருக்கு அது காகிதம்தான். படித்தேன். "உங்கள் விண்ணப்பத்தை நீங்களே திரும்பப் பெற்றுக்கொண்டதாகக் கருதுகிறோம்."

"இன்னாத்தத் திரும்ப வாங்கிக்கின? உன் கையில ஒண்ணும் குடுக்கலயே."

இல்லைம்மா, அது பேச்சுக்குச் சொல்வது என்றேன்.

"நீ அங்குட்டா வெச்சியா அதுல?"

வைக்கவில்லை என்றேன். வைக்காமல் எப்படி எழுதலாம் என்றார். நான் விமானத்தில் ஏறியதுதான் அங்குட்டா என்று அவருக்கு எப்படி விளக்குவது? விளக்கினேன். கேட்டு முடித்ததும் அடுப்படிக்குப் போய்விட்டார். அன்று முழுவதும் அவர் தன் வலது கைக் கட்டைவிரலைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தார். அதில் மை எப்போதோ போய்விட்டிருந்தது.

லெஸ்டரில் என் அறை பத்துக்கு எட்டு அடி. ஜன்னலுக்கு வெளியே ஒரு செங்கல் சுவர். இங்கே எங்கள் வீடு முழுவதுமே பத்துக்குப் பன்னிரண்டு, அதில் இப்போது ஊன்றுகோல்களும் சாய்ந்து நிற்கின்றன. அங்கே எண்பத்தொன்பது வயது மூதாட்டி ஒருவருக்குத் தினமும் காலுறை மாட்டிவிடுவேன். இடது காலை முதலில் நீட்டுவார். இங்கே அப்பாவுக்கு ஒரு காலுறை போதும். இரண்டு ஊரையும் இதற்கு மேல் ஒப்பிட எனக்குத் தெரியவில்லை.

குப்பம்மா அக்கா போன வாரம் ஒரு நோட்டீஸை எடுத்துக்கொண்டு வந்தார். படித்துச் சொன்னேன். ஏழாம் வகுப்பில் எனக்குச் சொன்னதை அவர் மறந்திருந்தார்.

இன்று காலை 11 மணிக்கு ஏரவாடா தபால் நிலையத்துக்குப் போனேன். கைப்பையிலிருந்து அறைச் சாவியை எடுத்து, அட்டையில் ஒட்டி, உறையில் போட்டு ஜின்சியின் பெயர் எழுதினேன். வெளிநாட்டுத் தபாலுக்கு ஒரு படிவம் உண்டு. உள்ளே என்ன பொருள்: சாவி ஒன்று. மதிப்பு என்ற இடத்தைக் காலியாக விடக்கூடாது என்றார் எழுத்தர். நூறு ரூபாய் என்று போட்டேன். அனுப்பும் காரணத்துக்கு நான்கு கட்டங்கள் இருந்தன. திருப்பி அனுப்பும் பொருள் என்பதில் குறியிட்டேன். அனுப்புநர் முகவரியில் எங்கள் சந்தின் பெயரை எழுதினேன்.

போய்ச் சேரப் பத்து நாளாகும் என்றார். கீழே கையெழுத்துக் கேட்டார். முதல் வரியிலிருந்து ஒருமுறை படித்துவிட்டு, போட்டுக் கொடுத்தேன்.