முதல் வரியில் நைனா

உங்கள் அப்பாவை எந்த ஃபாரத்திலாவது "என் சம்பளத்தை நம்பி இருப்பவர்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்களா? நான் கொடுத்தேன். அதற்கு முன்னால் என் அப்பா, அதாவது நைனா, என்னை அப்படி எழுதினார், அதுவும் என்னுடைய ஃபாரத்திலேயே.

நைனா மில்லில் இருந்தவரை எங்களில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், காலி பாட்டிலைக் கழுவி எடுத்துக்கொண்டு அரசாங்க இன்சூரன்ஸ் டிஸ்பென்சரிக்குப் போவோம். சிவப்பு மிக்ஸ்சர் ஊற்றித் தருவார்கள். அவர் ரிட்டயர் ஆனதும் அந்த இன்சூரன்ஸ் கார்டும் ரிட்டயர் ஆனது. வியாதி வரும் வயதில் கார்டைப் பிடுங்கலாம் என்று யோசித்தவர் யாரோ, ஒரு நாளும் தலைவலி வராத ஆளாக இருக்க வேண்டும்.

அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. பெரிய மார்க்கெட்டில் சங்கரா மீன் என்று நினைத்து வேறு எதையோ வாங்கி வந்தார். கேட்டால் மீன்காரி மேல் பழி. தனியார் ஆஸ்பத்திரியில் சொன்ன தொகையைக் கேட்டுவிட்டு, "எனக்குக் கண்ணு நல்லாத்தான் கீது" என்று வீட்டுக்கு நடந்தார்.

அந்த நேரத்தில்தான் பி.காம். முடித்த எனக்கு சேதராப்பட்டு ஃபேக்டரியில் ஸ்டோர்ஸ் வேலை கிடைத்தது. ஆபீஸ் கிளார்க் இன்சூரன்ஸ் ஃபாரத்தை நீட்டி, நம்மை நம்பி இருக்கும் அப்பா அம்மாவையும் சேர்க்கலாம் என்றார். சம்பளம் கம்மி என்பதும் வசதியாகப் போனது. கூட வாங்கினால் இந்தக் கார்டே கிடையாது.

மூலக்குளம் வீட்டுக்கு வந்து சொன்னேன். நைனா முறைத்தார்.

"எனக்காக உன் சம்பளத்துல பிடிப்பானுங்களா?"

"நீ இருந்தாலும் பிடிப்பான், இல்லன்னாலும் அதே காசு பிடிப்பான். உன்ன சேக்கலன்னாதான் நஷ்டம்."

"அதுக்காக நான் உன் மேல சாஞ்சி நிக்கறவனா? குடுடா, எழுதறேன். மில்லுல பாதி பேருக்கு நான்தான் எழுதிக் குடுத்தேன்."

எழுதினார். அழகான கையெழுத்து. நான் மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன், படித்துப் பார்க்கவில்லை. காலேஜ் படித்த லட்சணம்.

மறுநாள் கிளார்க் மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"தம்பிக்கு வயசு அறுபத்திரெண்டா?"

"இல்லைங்க."

"நல்லா மெயின்டெயின் பண்றீங்கன்னு நெனச்சேன். சம்சாரம்னு யாரோ அம்மா பேரு போட்டிருக்கு. கீழ ஒரு புள்ள, வேலையில்ல, இவர நம்பி இருக்கறதா எழுதியிருக்கு. அது நீங்கதானா?"

ஸ்டோர்ஸ் ஆட்கள் ஒரு வாரத்துக்கு என்னை "பெரியவரே" என்று கூப்பிட்டார்கள். ஆனால் வேறு ஒன்று உறைத்தது. நைனா அந்தத் தாளில் ஒரு எழுத்தைக்கூடப் படிக்கவில்லை. முதல் வரியில் தொழிலாளி, அடுத்து மனைவி, அப்புறம் பிள்ளை என்று, பழக்கத்தில் கை போன இடத்தில் எழுதியிருக்கிறார்.

வீட்டில் தாளை அவர் முன்னால் வைத்தேன். "மேல என்னா போட்டிருக்கு, படி நைனா."

தாளைத் தூரத்தில் பிடித்தார், கிட்டத்தில் பிடித்தார். "முப்பது வருசமா மொதல் வரி என்னுதுடா. கை தானா போயிடுச்சி."

அம்மா அரிசி களைந்துகொண்டே கேட்டார். "கை போச்சு சரி. கண்ணு எங்க போச்சு?"

முதலில் சிரித்தவர் நைனாதான். பனியன் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, கீழயே எழுதிக்க. ஆனா உங்க அம்மா பேருக்கு மேல எழுது" என்றார்.

கார்டு வந்த அன்று, கண்ணைக் காட்டப் போகிறோம் என்பதையும் மறந்து, காலி பாட்டிலைக் கழுவி எடுத்துக்கொண்டார். டிஸ்பென்சரியில் பழைய கம்பவுண்டருக்கு அவரைப் பார்த்ததும் ஆச்சரியம்.

"இன்னாபா, மறுபடியும் வேலைக்குச் சேந்துட்டியா?"

"ஆமா," என்றார் நைனா, என் தோளைத் தட்டி. "இவனுக்கு அப்பாவா சேந்துக்கீறேன்."

டாக்டர் ஆபரேஷனுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். கம்பவுண்டர் பாட்டிலைச் சும்மா அனுப்ப மனமில்லாமல், இருமலுக்கென்று மிக்ஸ்சரை ஊற்றினார்.

இப்போது நைனாவின் இடது கண்ணில் கட்டு இருக்கிறது. வலது கண்ணுக்கு அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள்.