அந்தப் பெட்டிக்குள் கேட்கும் இழுப்பு

சாமி கும்பிடுவேன், ஆனால் பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் சிரித்துவிட்டு எழுந்து போய்விடுவேன். அப்படி இருந்தவள்தான் நான். கம்ப்யூட்டர் படித்து, அதையே பள்ளிக்கூடத்தில் சொல்லியும் கொடுக்கிறவள் ஒரு கம்ப்யூட்டரைப் பற்றி இப்படி எழுதினால் நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று தெரியும். பலமுறை எழுதி அழித்துவிட்டேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

மலையகத்தில், வட்டகொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் வேலை. கணவருக்குக் கொழும்பில் கடை வேலை, மாதம் ஒரு தடவை வருவார். நானும் மூன்று வயது மகள் ரித்திகாவும் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் உள்ள விடுதியில் இருக்கிறோம். அவளுக்குப் பிறந்ததிலிருந்தே இழுப்பு, அதுதான் ஆஸ்துமா. பனி இறங்கினால் போதும், நெஞ்சில் கை வைத்தால் உள்ளே கர் கர் என்று அதிர்வது உள்ளங்கைக்குத் தெரியும். மருந்து பம்ப்பை வாயில் வைத்து அடித்தால்தான் அடங்கும்.

எங்கள் கம்ப்யூட்டர் அறை ஒரு காலத்தில் பிள்ளைக் காம்பரா. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போன இடம். பிள்ளைகள் வெளியே தவழ்ந்துவிடக் கூடாது என்று கதவுக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் மட்டும்தான், ஜன்னலுக்குக் கம்பி. பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்த பிறகும் யாரும் அதை மாற்றவில்லை.

அங்கிருந்த இரண்டு கம்ப்யூட்டரும் அடுத்தடுத்துப் போய்விட்டன. ஒன்றுக்கு இடி மின்னலில் பவர் சப்ளை கருகியது, மற்றதற்கு ஹார்ட் டிஸ்க் செத்தது. பதினோராம் ஆண்டுப் பிள்ளைகள் செய்த வேலையெல்லாம் கருகிய பெட்டியின் டிஸ்கில் இருந்தது. எங்கள் பள்ளிக்கூட அதிபர் யாழ்ப்பாணத்துக்காரர்.

"ரெண்டு செத்ததிலை ஒண்டையாவது எழுப்பிவிடுங்கோ டீச்சர். உங்கட படிப்பு இதுக்கும் உதவாட்டிப் பிறகென்னத்துக்கு?" என்று சிரித்தார்.

சிரித்துச் சொன்னாலும் எனக்கு அது குத்திக்கொண்டே இருந்தது. சனிக்கிழமை சாப்பிட்டுவிட்டு, பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் மகளையும் தூக்கிக்கொண்டு போனேன். சீக்கிரம் வந்துவிடலாம் என்று போனையும் பம்ப்பையும் விடுதியிலேயே விட்டுவிட்டேன். இதை நினைத்து எத்தனை முறை என்னையே திட்டியிருப்பேன்.

கருகிய பெட்டியிலிருந்து டிஸ்க்கைக் கழற்றி மற்றப் பெட்டியில் மாட்டி, சுவிட்சைப் போட்டேன். துவங்குவதற்கு டிஸ்க் எதுவும் இல்லை என்று திரையில் வந்தது. அந்த நேரம் பின்னால் கதவு மூடிக்கொண்டது. காற்று என்று நினைத்துத் தள்ளினால் அசையவில்லை. அது துருப்பிடித்த தாழ்ப்பாள், காற்றுக்கு விழாது, கல்லால் தட்டினால்தான் நகரும். தொழிலாளர் லயத்துப் பையன்கள் விளையாடுகிறார்கள் என்று, "டேய், தொறங்கடா!" என்று கத்தினேன். சிரிப்புச் சத்தம்கூட இல்லை. ஜன்னலுக்கு வெளியே பனி அப்பியிருந்தது, எதிரே இருந்த மரம்கூடத் தெரியவில்லை. எவ்வளவு கத்தினாலும் குரல் அந்தப் பனியைத் தாண்டிப் போகாத மாதிரி இருந்தது.

ரித்திகாவுக்கு இழுப்புத் துவங்கிவிட்டது.

"ம்மா, வீட்டுக்குப் போவோம்."

"கொஞ்சம் பொறுடா தங்கம். இது வேல செஞ்சிருச்சின்னா அம்மா யாருக்காச்சும் மெசேஜ் போட்டுருவேன். வந்து தொறந்துருவாங்க."

அந்தப் பெட்டியில் இணையம் இருந்தது. அது மட்டும் துவங்கிவிட்டால் போதும். வயர்களைப் பிடுங்கித் துடைத்துத் திரும்ப மாட்டினேன். அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தால் டிஸ்கின் பெயர் பட்டியலில் இருக்கிறது, ஆனால் துவங்க மறுக்கிறது. பழைய பெட்டியில் டிஸ்க்கை இயக்கிய முறையில் இது இல்லையோ என்று அதையும் மாற்றினேன். திரும்பவும் அதே வரி. நான்தான் எதையாவது தவறாகச் செய்கிறேனோ என்று எல்லாவற்றையும் நிறுத்தி டிஸ்க்கை வெளியே எடுத்துக் கையில் வைத்தேன்.

அது அதிர்ந்தது. ஒரு வயரும் இல்லை. என் உள்ளங்கையில் கர் கர் என்று, விட்டு விட்டு. இன்னொரு கையை மகளின் நெஞ்சில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்றாகவே இழுத்தன, ஒன்றாகவே நின்றன.

"அத அதோட வீட்லயே வையிம்மா," என்றாள் மூச்சுக்கு நடுவில். "அது அழுவுது."

படித்தவள் செய்கிற காரியமா என்று கேட்காதீர்கள். உதடு நீலம் பாய்ந்த பிள்ளையை வைத்துக்கொண்டு நான் படிப்பைப் பற்றி யோசிக்கவில்லை. கருகிய பெட்டியிலேயே டிஸ்க்கை வைத்து மாட்டினேன். கரண்ட் வயரே இல்லாத அந்தப் பெட்டிக்குள் டிஸ்க் சுற்றத் துவங்குகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. பிறகு கதவுக்கு வெளியே தாழ்ப்பாள் கிறீச்சென்று இழுபட்டது.

திறந்து பார்த்தேன். யாருமில்லை, ஈர மண்ணில் ஒரு காலடிகூட இல்லை. மகளைத் தூக்கிக்கொண்டு ஓடி, விடுதியில் பம்ப்பை எடுத்தபோது அவள் தட்டிவிட்டாள்.

"வேணாம்மா."

நெஞ்சில் கை வைத்தேன். உள்ளே அமைதியாக இருந்தது.

அடுத்த வாரம் ஹட்டனிலிருந்து புதிய பவர் சப்ளை வாங்கிப் போட்டதும் அந்தப் பெட்டி முதல் தடவையிலேயே துவங்கியது, பிள்ளைகளின் வேலை ஒன்றுகூட அழியவில்லை. அதிபர் எல்லோர் முன்பும் என்னைப் பாராட்டினார். வகுப்புப் பையன்கள் மட்டும், "டீச்சர், இதுக்கு மூச்சு வாங்குது," என்று சிரித்தார்கள்.

அன்றிலிருந்து ரித்திகாவுக்கு இழுப்பு வரவேயில்லை. இதெல்லாம் வயதோடு போகும் என்று டாக்டர் பம்ப்பை நிறுத்திவிட்டார். இருக்கலாம், எனக்கும் அப்படித்தான் நினைக்க ஆசை.

ஆனால் ஹட்டனில் நல்ல பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் வந்தும் நான் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். "அந்தப் பனிக்குள்ள கெடந்து என்னத்தத்தான் காவல் காக்குற நீ?" என்று கணவர் போனில் கத்தினார். நான் இல்லாமல் அந்தப் பெட்டி நின்றுவிட்டால் ரித்திகாவின் மூச்சு என்னாகுமோ என்ற பயத்தைப் போனில் எப்படிச் சொல்வது? இந்தப் பள்ளித் தவணையில் புதிய கம்ப்யூட்டர்கள் வந்திருக்கின்றன. "பழசைக் கழட்டிப் போடுவம் டீச்சர்," என்று அதிபர் ஒவ்வொரு நாளும் சொல்கிறார். "கொஞ்ச நாள் இருக்கட்டும் சார்," என்று ஒவ்வொரு நாளும் கெஞ்சுகிறேன்.

பள்ளிக்கூடம் விட்டதும் அந்த அறைக்குப் போய், கதவுக்கு ஒரு கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு, பெட்டியின் கரண்ட் வயரைப் பிடுங்கிவிட்டு அதன் மேல் கை வைத்துப் பார்க்கிறேன். அப்போதும் உள்ளே கர் கர் என்று இழுக்கிறது. நேற்று அது கைக்குத் தட்டுப்படக் கொஞ்சம் நேரமானது.